ஜெயங்கொண்டமும் இம்பாசிபிளும்

போன மாசம் ஒரு கல்யாணத்துக்காக ஜெயங்கொண்டத்திலிருந்து கும்பகோணம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கூட அக்கா பொண்ணு. ஒன்பதாவது படிக்கிறாள். ரெண்டு நாளில் இங்கிலீஷ் பரீட்சை. மடியில் நோட்டு, வாயில் முணுமுணுப்பு. "அன்ஹேப்பி, இம்பாசிபிள், இர்ரெகுலர், டிஸ்லைக்..."

திடீர்னு கேட்டாள். "மாமா, எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னுதானே அர்த்தம்? அப்புறம் ஏன் அன்பாசிபிள்னு எழுதினா தப்புங்கறாங்க? எல்லாத்துக்கும் ஒரே 'அன்' போட்டுத் தொலைய வேண்டியதுதானே?"

போன பரீட்சையில் இதுக்காக ஒரு மார்க் போச்சாம். மிஸ்ஸைக் கேட்டதுக்கு, "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு"ன்னு பதில். எனக்கும் அந்தக் காலத்தில் இதே பதில்தான் கிடைத்தது. கேள்வி என்னவோ நியாயமானது. பதில் இலக்கணப் புத்தகத்தில் இல்லை, சரித்திரப் புத்தகத்தில் இருக்கு.

"மொதல்ல நம்ம ஊர் பேரைப் பிரி பார்ப்போம்" என்றேன்.

ஜெயம் + கொண்ட + அம். முழுப்பேர் ஜயங்கொண்ட சோழபுரம். ஜயங்கொண்ட சோழன் என்பது சோழர்கள் சூட்டிக்கொண்ட பட்டங்களில் ஒன்று. முதலாம் ராஜராஜன் காலத்தில் தொண்டை மண்டலத்துக்கே ஜயங்கொண்ட சோழ மண்டலம்னு பேர் மாற்றினார்கள். 'கொண்ட' என்பது சோழர்களுக்கு ரொம்பப் பிடித்த ஒட்டு. முதலாம் பராந்தகன் மதுரை கொண்டான். முதலாம் ராஜேந்திரன் கங்கை கொண்டான், கடாரம் கொண்டான். பழையாறைக்கு முடிகொண்ட சோழபுரம்னு பேர் வந்தது. ஜெயித்த இடம் முன்னாடி, 'கொண்ட' நடுவில், ராஜா அடுத்து, கடைசியில் புரம். நாளாவட்டத்தில் நம்ம ஊர் பேரில் ராஜாவும் புரமும் உதிர்ந்துவிட, ஜெயம் மட்டும் மிச்சம் :-)

"ஜெயம்னுதானே சொல்றோம். ஜெயங்கொண்டத்துல 'ம்' எங்க போச்சு?"

அவளே கொஞ்ச நேரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "பின்னாடி 'க' வருதுல்ல, அதான் 'ங்' ஆயிடுச்சு. மரம், மரங்கள் மாதிரி."

அவ்வளவுதான் சமாச்சாரம். லத்தீன் மொழியில் இல்லை என்பதற்கு முன்னொட்டு 'இன்'. பின்னாடி 'ப' வந்தால் உதடு மூட வேண்டியிருக்கு, அதனால் 'இம்' ஆயிடும். 'ர' வந்தால் இர்ரெகுலர், 'ல' வந்தால் இல்லீகல். நன்னூல் படித்த பிள்ளைக்கு இது புதுசே இல்லை. நாம் சந்தி என்பதை அவர்கள் வேறு பேரில் சொல்கிறார்கள்.

சரி, 'அன்' எங்கே போச்சு? அதுக்குத்தான் சரித்திரம். 5-ம் நூற்றாண்டு வாக்கில் ஜெர்மனி, டென்மார்க் பக்கமிருந்து பிரிட்டனுக்குக் குடியேறின ஆங்கிலோ சாக்சன்கள் கொண்டுவந்த வீட்டுச் சரக்கு 'அன்'. அப்புறம் வைக்கிங்குகள் வந்தார்கள். அதிர்ஷ்டம்னு அர்த்தமுள்ள 'ஹேப்' அவர்கள் விட்டுப்போனது, அதிலிருந்துதான் ஹேப்பி. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். கிட்டத்தட்ட முன்னூறு வருஷம் அரண்மனையிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சுக்குத்தான் மரியாதை. கோர்ட்டில் இங்கிலீஷில் வாதாடலாம்னு 1362-ல்தான் சட்டம் வந்தது. பாசிபிள் அந்தப் பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் வார்த்தை. தன் சொந்தக்காரனான 'இம்'மையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதனால்தான் அங்கே 'அன்'னுக்கு இடமில்லை.

அப்போ எல்லாம் ஜாதி பார்த்துத்தான் சேருமான்னு கேட்காதீங்க. டிஸ்லைக்கில் 'டிஸ்' லத்தீன், 'லைக்' சொந்த இங்கிலீஷ். ரீடபிள், ஈட்டபிளில் வினை சொந்தம், 'ஏபிள்' பிரெஞ்சு வழி வந்தது. அன்கம்ஃபர்டபிளில் 'அன்' சொந்தம், நடுவில் பிரெஞ்சு கம்ஃபர்ட், கடைசியில் மறுபடி பிரெஞ்சு. பழகப் பழக எல்லாம் கலந்துபோச்சு.

நம்ம பக்கமும் அதே கதைதான். நம்ம தாலுக்கா பேர் உடையார்பாளையம். உடையார் என்றால் உடைமை உள்ளவர். அங்கே இருந்தவர் ஜமீன்தார். 'தார்' என்பது பாரசீக விகுதி, அதற்கும் வைத்திருப்பவர்னுதான் அர்த்தம். தாசில்தாரும் அதே வகை. கொண்டார், உடையார், தார். ஆட்சி மாற மாற விகுதி மாறியது, அர்த்தம் மாறவே இல்லை!

தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. நமக்கு எல்லாம் வால் பக்கம்தான். செய்த, செய்யாத, செய்யாதவர்கள்னு பின்னாடியே ஒட்டிக்கொண்டு போவோம். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதின கால்டுவெல்லும் இந்தப் பின்னொட்டுக் குணத்தைத்தான் விரிவாகக் காட்டினார். முன்னாடி 'இல்லை' போடும் பழக்கம் நமக்கு சமஸ்கிருத வார்த்தைகளோடு வந்தது. அநியாயம், அசுத்தம், அநாகரிகம். வேடிக்கை என்னன்னா, அந்த 'அ'வும் லத்தீன் 'இன்'னும் இங்கிலீஷ் 'அன்'னும் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள். மூன்றும் ஒரே ஆதி மொழியிலிருந்து கிளைத்தவை. அன்ஹேப்பி, இம்பாசிபிள், அநியாயம்னு ஒரே மூச்சில் சொன்னால் அது ஒரு குடும்ப போட்டோ.

"அப்போ பஸ்?" என்றாள், சும்மா வம்புக்கு.

பஸ் என்பது வெறும் வால். லத்தீனில் ஆம்னிபஸ் என்றால் 'எல்லோருக்கும்'. அதில் 'பஸ்' நம்ம 'உக்கு' மாதிரி ஒரு வேற்றுமை உருபின் கடைசித் துண்டு. உடம்பை விட்டுவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நம்மூரிலோ ராத்திரி சென்னைக்குப் போகும் தனியார் வண்டியை ஆம்னி பஸ் என்கிறோம். வெட்டின வாலைத் திரும்ப ஒட்டிவிட்டோம்!

இதற்குள் கங்கைகொண்ட சோழபுரம் தாண்டி அணைக்கரை வந்துவிட்டது. கொள்ளிடத்தில் 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டின கீழணை. இதற்குக் கல் எங்கிருந்து வந்தது தெரியுமா? கங்கைகொண்ட சோழபுரம் கோயில் மதிலைப் பிரித்துத்தான் கொண்டுவந்தார்கள். ஊர் ஜனங்கள் தடுத்துப் பார்த்து, தண்டனைதான் வாங்கினார்கள். பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்ற வாக்குறுதி நிறைவேறவில்லை என்று 1855-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அணைக்கட்டு என்ற வார்த்தையையும் விட்டுவைக்கவில்லை. அனிகட்னு இங்கிலீஷ் அகராதியில் ஏறி, இது லோயர் அனிகட் ஆயிற்று. அந்த லோயரில் இருக்கும் 'அர்' மட்டும் அவர்கள் ஊர் விகுதி.

ஒருத்தர் மதிலில் இருந்த கல் இன்னொருத்தர் அணையில் இருக்கிற மாதிரிதான் 'ஏபிள்', 'இன்', 'தார்' எல்லாம். ஒரு வித்தியாசம், வார்த்தையை எடுத்தால் எடுத்த இடத்தில் குறைவதில்லை. அணைக்கட்டு இன்னமும் நம்மிடம் இருக்கிறது. மதில் போனது போனதுதான். ராஜேந்திரன் தலைநகரின் கல் மேல் தண்ணீர் ஓடுகிறது, அதில் பயிரும் விளைகிறது. சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதான்னு ஒவ்வொரு தடவை அந்தப் பாலத்தைக் கடக்கும்போதும் எனக்குள் ஒரு தடுமாற்றம்.

அவள் பேசாமல் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே நீளப் பட்டியலாக இருந்ததை இங்கிலீஷ் வீடு, லத்தீன் வீடுன்னு ரெண்டாகப் பிரித்திருந்தாள். பரீட்சை முடிந்து போன் பண்ணினேன். "இம்பாசிபிள் வரவே இல்ல மாமா. இம்மாரல் வந்துச்சு. 'ம' இருக்கேன்னு பார்த்து எழுதிட்டேன்."

உங்க ஊர் பேரில் என்ன விகுதி ஒட்டியிருக்கு, எது உதிர்ந்துபோச்சுன்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே.

டிஸ்கி: பின்னூட்டம் = பின் + ஊட்டம். முன்னொட்டு வைத்து நாமே கட்டின வார்த்தைதான். ஆகவே ஊட்டாமல் போகாதீங்க :-)