பழைய காரும் புதிய விளக்கும்

முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் மாலை வேலை முடியும் நேரம் தனித்தன்மை உடையது. பின்னலாடை நிறுவனங்களின் வாயில்களிலிருந்து இருசக்கர வாகனங்களும் தொழிலாளர் வேன்களும் ஒரே வேளையில் சாலைக்கு வரும். அப்படியொரு மாலையில் எனது அம்பாசிடர் காரை வலப்புறம் திருப்பினேன். பின்னால் வந்த இருசக்கர வாகனம், கதவை உரசும் அளவு நெருங்கி வந்து நின்றது. அதில் ஓர் இளைஞரும், பின்னிருக்கையில் ஒரு பெண்ணும் இருந்தனர். 'லைட்டே எரியலீங்களே, ஐயா' என்றார் அந்த இளைஞர்.

இறங்கிப் பார்த்தேன். இண்டிகேட்டர் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால், சாய்ந்த வெயிலில் எனக்கே உற்றுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. எரியும் விளக்கு வேறு, தெரியும் விளக்கு வேறு என்பதை அன்று உணர்ந்தேன்.

பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்ட அம்பாசிடர், மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை தயாரிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், வெள்ளை எல்இடி விளக்குக்கு வழிவகுத்த நீல எல்இடி-யைக் கண்டறிந்த மூன்று அறிவியலாளர்களுக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஒரு கார் விடைபெற்ற ஆண்டிலேயே ஒரு விளக்கு மகுடம் சூடியது. இந்த இரண்டையும் ஒன்றாக இணைக்க முனைவோர் அறிய வேண்டியவை சில உண்டு.

முதலாவது, விளக்கு மங்கினால் பல்பை மட்டும் குறை கூறக் கூடாது. இழை பல்பின் ஒளி, மின்னழுத்தம் குறையும் விகிதத்தைவிடப் பன்மடங்கு வேகமாகக் குறையும். மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் ஒளி ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். துருப்பிடித்த ஹோல்டரும், தளர்ந்த எர்த் இணைப்பும், கருத்துப்போன பிரதிபலிப்பானும் பழைய கார்களின் பொது நோய்கள். எனது காரில் எர்த் முனையை உப்புத்தாள் கொண்டு தேய்த்து இறுக்கியதுமே பாதிக் குறை நீங்கியது. இதைச் செய்யாமல் எல்இடி-க்கு மாறுவது, பிணியை விட்டுவிட்டு அறிகுறிக்கு மருந்து தேடுவதாகும்.

அதன் பின்னரும் எல்இடி-யால் நன்மை உண்டு. இழை பல்பு சூடேறி முழு ஒளியை எட்ட ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். எல்இடி-யோ உடனே ஒளிரும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் பின்தொடர்பவர் அந்த இடைவெளியில் மூன்று மீட்டருக்கும் மேல் கடந்துவிடுவார்.

ஆனால், நான் எல்இடி பல்புகளை வாங்கி வந்து பொருத்தியபோது அவை எரிந்தன, சிமிட்டவில்லை. காரணம் எளியது. பழைய கார்களில் விளக்கைச் சிமிட்டச் செய்வது வெப்பத்தால் இயங்கும் ஃபிளாஷர். பல்புகள் இழுக்கும் மின்னோட்டம் அதனுள் இருக்கும் மெல்லிய தகட்டையோ கம்பியையோ சூடாக்கும். சூடேறுவதும் ஆறுவதுமே விளக்கை எரியவும் அணையவும் செய்கின்றன. முன்னும் பின்னும் தலா 21 வாட் பல்பு என்றால் மொத்தம் 42 வாட். 12 வோல்ட் மின்சுற்றில் அது 3.5 ஆம்பியர். தலா 3 வாட் எல்இடி பல்புகள் இழுப்பதோ அரை ஆம்பியர். ஏழில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் ஃபிளாஷர் சூடேறுவதில்லை.

இதற்குப் பட்டறைகளில் இரு தீர்வுகள் சொல்வார்கள். ஒன்று, எல்இடி-யுடன் பக்க இணைப்பாக ஒரு மின்தடையைச் சேர்ப்பது. 6 ஓம் தடை என்றால் 2 ஆம்பியர் இழுக்கும். விளக்கு எரியும் ஒவ்வொரு கணமும் 24 வாட் மின்சாரம் வெப்பமாக வீணாகும். அந்தத் தடையை வயர்க்கட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டால், வயரின் உறை உருகித் தீ விபத்துக்குக்கூட வழிவகுக்கும். மற்றொன்று, மின்சுமையைப் பொருட்படுத்தாமல் ஒரே சீராக இயங்கும் மின்னணு ஃபிளாஷரைப் பொருத்துவது. பழைய ஃபிளாஷருக்கு எர்த் தேவைப்படாது, புதியதற்குத் தேவைப்படும். ஒரு கூடுதல் வயரே செலவு. இதுவே சிறந்த வழி.

சில கார்களில் இன்னொரு சிக்கல் எழும். இடம், வலம் இரண்டுக்கும் டேஷ்போர்டில் ஒரே அடையாள விளக்கு இருந்தால், அது இரு பக்க மின்சுற்றுகளுக்கும் நடுவே இணைக்கப்பட்டிருக்கும். எல்இடி-க்குச் சிறிதளவு மின்னோட்டமே போதும் என்பதால், அந்த அடையாள விளக்கின் வழியே கசியும் மின்சாரமே மறுபக்கத்தையும் ஒளிரச் செய்துவிடும். இடப்பக்கம் திரும்ப நினைத்தவரின் காரில் நான்கு விளக்குகளும் சிமிட்டும். இரு டையோடுகளால் இதைச் சரிசெய்யலாம். மேலும், 1960-களின் நடுப்பகுதி வரை பிரிட்டனில் உருவான பல கார்களில் பேட்டரியின் நேர்முனையே எர்த் ஆக இருந்தது. எல்இடி-க்கு முனை மாறினால் எரியாது என்பதால், அத்தகைய கார் வைத்திருப்போர் அதற்கேற்ற பல்பையே கேட்டு வாங்க வேண்டும்.

நிறத்திலும் கவனம் தேவை. செம்மஞ்சள் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்இடி பொருத்தினால் ஒளி வெளிறித் தெரியும். செம்மஞ்சள் எல்இடி-யே பொருந்தும். இண்டிகேட்டருக்கு அந்த நிறத்தையே சட்டமும் கோருகிறது. இழை பல்பு எல்லாத் திசைகளிலும் ஒளி வீசும். எல்இடி தான் நோக்கும் திசையில் மட்டுமே வீசும். எனவே, பக்கவாட்டிலும் எல்இடி-கள் பதித்த பல்பை வாங்காவிடில், நேர் பின்னால் நிற்பவருக்குக் கண் கூசும்; சற்று விலகி வரும் இருசக்கர ஓட்டிக்கோ மங்கலாகவே தெரியும். சிமிட்டும் வேகம் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைக்குள் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு நெறி.

இந்த மாற்றத்தால் நாம் இழப்பதும் ஒன்று உண்டு. பழைய ஏற்பாட்டில் ஒரு பல்பு பழுதானால் சிமிட்டும் வேகம் மாறும் அல்லது நின்றே போகும். ஓட்டுநருக்கு அதுவே எச்சரிக்கை. மின்னணு ஃபிளாஷரோ பின்பக்க விளக்கு அணைந்திருந்தாலும் வழக்கம்போல 'டிக், டிக்' என்று ஒலித்துக்கொண்டிருக்கும். ஆகவே, எல்இடி-க்கு மாறியவர் காரைச் சுற்றி வந்து பார்க்கும் கடமையையும் ஏற்றுக்கொள்கிறார். மாலையில் காரை எடுக்கும் முன், பின்புறச் சுவரில் விழும் ஒளியைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

பழமையை மாற்றலாமா என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவு நடந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் சிதையாமல் இருக்கும் வாகனங்களே 'விண்டேஜ்' என்று பதிவு பெறத் தகுதியுடையவை. அவற்றை அன்றாடப் பயணத்துக்குப் பயன்படுத்த முடியாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கே அனுமதி. அவை பழைய பல்புடனே இருக்கட்டும். எனது கார் 1986-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நாள்தோறும் தொழிலாளர்களுக்கு நடுவே ஓடுவது. எதையும் வெட்டாமல் மாற்றியிருப்பதால், கழற்றிய பல்புகளையும் ஃபிளாஷரையும் ஒரு பெட்டியில் பத்திரப்படுத்தியிருக்கிறேன். வேண்டும்போது மீண்டும் பொருத்திக்கொள்ளலாம்.

காரின் மற்ற உறுப்புகள் பெரும்பாலும் உள்ளே இருப்பவருக்காக உழைக்கின்றன. இண்டிகேட்டரோ பின்னால் வரும் முகமறியாத ஒருவருக்காக எரிவது. அது தெரிகிறதா என்று முடிவு செய்ய வேண்டியவர் கார் உரிமையாளர் அல்லர். வேலை முடிந்து களைப்போடு வீடு திரும்பும் அந்த இருசக்கர ஓட்டிதான்.