இல்லில் விளைந்த தோப்பி

கள் எனும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது பனைமரமும் அதன் உச்சியில் கட்டிய கலயமுமே. பனைகள் மிகுந்த புதுக்கோட்டைச் சீமையில் சங்கப் பாடல் பயிலும் மாணவர்களும் அவ்வாறே பொருள் கொள்கின்றனர். ஆனால் சங்கத் தமிழர் பருகிய கள் அனைத்தும் மரத்திலிருந்து இறங்கியதன்று. அடுப்பங்கரையில் பிறந்த கள்ளும் இருந்தது. அதன் பெயர் தோப்பி. நெல்லால் ஆக்கிய கள் என்பது உரைகாரர் தரும் பொருள். இன்றைய சொல்லில் கூறுவதாயின், அது வீட்டிலேயே ஆக்கிய அரிசி பீர்.

இதற்குரிய சான்று பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 500 அடி நூல் அது. (புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்களோடு பெயர் ஒற்றுமை உண்டு, மரபுத் தொடர்பு குறித்து நாம் ஈண்டுப் பேசப் புகவில்லை.) அந்நூலில் வரும் வீரர்கள், பகைப்புலத்திலிருந்து கவர்ந்து வந்த ஆநிரையைக் கள்விலைக்கு ஈடாகக் கொடுக்கின்றனர், தம் இல்லில் அட்ட தோப்பியையும் பருகுகின்றனர். விலைக்கு வாங்கிய கள் வேறு, வீட்டில் ஆக்கிய கள் வேறு என்னும் பாகுபாடு அன்றே இருந்தது. அடுதல் என்பது சமைத்தல். சோற்றுக்கு வழங்கிய வினையே இக்கள்ளுக்கும் வழங்கியது என்பது கருதத்தக்கது.

அதே நூல், வலைஞர் குடியிருப்பைக் கூறுமிடத்தில், அரிசிக்கள் ஆக்கும் முறையையே ஏழே அடிகளில் சொல்லிவிடுகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்க வேண்டும். வாயகன்ற பிழாவில் இட்டு ஆற்ற வேண்டும். புற்றாஞ்சோறு போன்ற தோற்றமுடைய நல்லடையை அதில் கலக்க வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய, உறுதியான வாயுடைய சாடியில் அது விளையும். பின்னர் விரலால் அலைத்துப் பிழிந்து அரிக்க வேண்டும். வழிவரும் பாணர்க்குச் சுட்ட மீனோடு அது கிடைக்கும் என்கிறார் புலவர். வேண்டிய பொருள், கலம், காலம் மூன்றும் இதில் அடங்கிவிட்டன.

இம்முறையைச் செய்வோன் நிலையில் நின்று நோக்குவோம்.

முதலாவது தானியம். புலவர் குற்றாத அரிசி என்றது காரணத்தோடுதான். தவிடு நீங்காத அரிசியில் நொதித்தலை நடத்தும் ஈஸ்ட்டுக்கு வேண்டிய சத்துகள் மிகுதி.

இரண்டாவது நல்லடை. உரைகாரர் இதனை நெல்முளை எனக் கொள்வர். செய்முறையின் உயிர்நிலை இதுவே. அரிசி மாவை ஈஸ்ட் நேரடியாக உண்ணாது. மாவு முதலில் சர்க்கரையாக வேண்டும். முளைக்கும் தானியத்தில் சுரக்கும் அமிலேஸ் என்னும் நொதி அவ்வேலையைச் செய்கிறது. ஐரோப்பியர் வாற்கோதுமையை முளைகட்டி உலர்த்தி மால்ட் ஆக்குவதும் இதற்காகவே. ஆலையில் தீட்டிய அரிசி முளைக்காது. உமியோடு கூடிய நெல்லே வேண்டும். நாற்றங்காலுக்கு விதைநெல்லை ஊறவைத்து, ஈரச்சாக்கில் கட்டி முளை காணும் நம் உழவர்க்கு இது புதிதன்று. முளை மிக நீண்டுவிட்டால் அதுவே சர்க்கரையைத் தின்றுவிடும். எனவே உரிய நேரத்தில் உலர்த்திவிட வேண்டும்.

மூன்றாவது கலம். சூடு ஆறாத களியில் ஈஸ்ட் மடிந்துபோகும். பிழா வாயகன்று இருப்பது விரைந்து ஆற்றவே. விளையும் சாடிக்கோ வேறு தேவை. காற்று தாராளமாகப் புகுந்தால் கள் காடியாகிவிடும். அறவே அடைத்தாலோ உள்ளே எழும் வாயு கலத்தைப் பிளக்கும். இன்று வீட்டில் பீர் ஆக்கும் மேனாட்டார், வாயுவை வெளியேற்றிக் காற்றை உள்ளே விடாத நீர்க்குழாய் மூடியைப் பொருத்துகின்றனர்.

நான்காவது காலம். நம் வெப்பத்தில் இரண்டு நாள் போதும். பச்சை வாடை நீங்குவதே பதம் என்கிறது நூல். பின்னும் வைத்தால் புளிப்பு மிகும்.

கலங்களில் வேறு வகைகளும் உண்டு. திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் மூங்கிற்குழாயில் முதிர்ந்த தேறலைக் கூறுகின்றன. பாரி இறந்தபின் பறம்பு நாட்டைப் பாடிய கபிலர், நிலத்தில் புதைத்து முதிர்வித்த மதுவைக் குடிசைதோறும் வழங்கியதாகச் சொல்கிறார் (புறநானூறு, 120). மண்ணுக்குள் வெப்பம் ஒரே சீராக இருக்கும். ஐரோப்பாவின் நிலவறைகளும் இதே பயன் கருதியவை. பறம்பு என்று கொள்ளப்பெறும் பிரான்மலை நம் பொன்னமராவதியை அடுத்து, சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் நிற்கிறது.

சுமேரியர் நின்காசி என்னும் தெய்வத்தைப் போற்றிய பாடலில் பீர் ஆக்கும் முறை பொதிந்திருப்பதை உலகம் வியந்து பேசுகிறது. நம் ஏழு அடிகளை நாமே பேசுவதில்லை. அசாமில் திமாசா மக்கள் இல்லங்களில் ஆக்கும் ஜுதிமா என்னும் அரிசி மது 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்குக் கைம்முறை வாழ்கிறது. இங்கு ஏடு மட்டுமே எஞ்சியது.

நம் மாநிலத்தில் இன்று உரிமம் இன்றி வீட்டில் மது ஆக்குவது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கள் விற்பனைக்கு 1987 முதல் தடை. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் வசம். இந்நிலையில் வீட்டு மது என்றாலே கள்ளச்சாராயம் என்று பொருளாகிவிட்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். சாராயம் காய்ச்சி வடிப்பது. தோப்பி நொதித்து அரிப்பது. இரண்டும் வெவ்வேறு.

கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரை நாம் மறக்கவில்லை. குடியால் அழிந்த இல்லங்களை அறியாதாரும் அல்லேம். குடிக்கப் பரிந்துரைப்பது நம் நோக்கமன்று. சோற்றையும் முளையையும் காலத்தையும் அளந்தறிந்த ஒரு கைத்திறனை, பனங்கள் என்ற ஒரே சொல்லால் மூடிவிடலாகாது என்பதே நம் விண்ணப்பம். அடுத்தமுறை தோப்பி என்னும் சொல் பாடலில் வருமிடத்து, மரத்தின் உச்சியை நோக்காது அடுப்பங்கரையை நோக்குவோமாக.