கத்திக்குப் பின்: கபச்சுரப்பி மருத்துவமும் வன்னி மக்களும்

அறுவை மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கத்தி பிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1907 இல் இன்ஸ்புருக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் மூக்கின் வழியே கபச்சுரப்பிக் கட்டியை அணுகியமையும், பின்னர் அமெரிக்காவில் ஹார்வி கூஷிங் அம்முறையைச் செப்பனிட்டமையும் விரிவாகப் பதிவாகியுள்ளன. அறுவைக்குப் பின் நோயாளி எதனை உட்கொண்டு உயிர் தரித்தார், அதனை அவருக்கு யார் வழங்கினர் என்னும் வினாக்கள் ஓரத்திலேயே நின்றுவிட்டன. வன்னியிலிருந்து நோக்கும்போது அவ்வினாக்களே முதன்மை பெறுகின்றன.

மூளையின் அடியில் பயறளவாய் அமைந்த இச்சுரப்பி, அதிரீனல், தைரொயிட்டு முதலியவற்றை இயக்குவது. கட்டி அதனை நெருக்கிக்கொண்டிருந்தால், நெருக்கம் நீங்கியதும் சோர்ந்த கலங்கள் ஓரளவு மீள்வதுண்டு. கூஷிங்கின் பெயரால் வழங்கும் நோயிலோ நிலைமை வேறு. கட்டி இடையறாது ஏவுவதால் அதிரீனல் மிகையாகக் கோட்டிசோலைச் சுரக்க, நலமான கலங்கள் உறங்கிவிடுகின்றன. கட்டியை அகற்றியவுடன் அவை விழிப்பதில்லை. ஆறு மாதமாகலாம், இரண்டாண்டுகளும் கடக்கலாம். சிலரில் அவை மீள்வதேயில்லை. அதுவரை நாள்தோறும் ஐதரோகோட்டிசோன் மாத்திரை வேண்டும்; காய்ச்சல் கண்டால் அளவைக் கூட்டவும் வேண்டும். திடீரென நிறுத்தினால் குருதியமுக்கம் வீழ்ந்து மரணம் நேரலாம். காலை வேளைக் குருதியில் கோட்டிசோலை அளந்தே சுரப்பி மீண்டதா என அறிகின்றனர்.

அம்மாத்திரைக்கும் ஒரு வரலாறு உண்டு. கோட்டிசோனை முதன்முதலில் நோயாளருக்கு வழங்கியது 1948 இல்; ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோர் நோபெல் பரிசு பெற்றது 1950 இல். மாட்டுப் பித்தத்திலிருந்து பல படிகளில் தயாரிக்கப்பட்ட அது அக்காலத்தில் பொன்னிலும் அரியதாயிருந்தது. அதனை மலிவாக்கியதில் மெக்சிக்கோக் காடுகளில் ஏழை உழவர் அகழ்ந்தெடுத்த காட்டுவள்ளிக் கிழங்குக்குப் பெரும் பங்குண்டு. 1952 இல் அமெரிக்க நிறுவனமொன்றின் ஆய்வாளர் பூஞ்சணத்தின் துணையால் உற்பத்தியைச் சுருக்கினர். கிழங்கு அகழ்ந்தவருக்குக் கிடைத்தது சொற்பக் கூலியே. மெக்சிக்கோ அரசு 1975 இல் தனக்கென ஒரு நிறுவனத்தை அமைத்தது இதனாற்றான்.

இலங்கையில் இதே பிரச்சினையை வேறொரு முனையில் எதிர்கொண்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. இடதுசாரியான அவர், எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் 1971 இல் சமர்ப்பித்த அறிக்கையின் விளைவாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. வணிகப் பெயர்களை விடுத்து மருந்தின் இயற்பெயராற் கொள்வனவு செய்தல் அதன் அடிப்படை. 1977 இல் அவர் கயானாவில் காலமானார். அவ்வாண்டு தொடங்கிய திறந்த பொருளாதாரம் அக்கொள்கையைத் தளர்த்தியது.

எனினும் மருந்து நாட்டுக்குள் வருவது வேறு, முல்லைத்தீவை எட்டுவது வேறு. 1990 முதல் 2002 வரை, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குப் பொருளாதாரத் தடை நிலவிற்று. மருந்துகள் பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக்குட்பட்டே சென்றன. கொழும்பில் அறுவை செய்துகொண்டு கிளிநொச்சிக்கு மீளும் ஒருவருக்கு, சுரப்பி விழிக்கும் வரையிலான மாதங்கள் கண்டி வீதியின் சோதனைச் சாவடிகளோடு பிணைந்த மாதங்கள். காயத்துக்குரிய மருந்து இல்லையெனின் அனைவரும் அறிவர். நாளொன்றுக்கு இரண்டு மூன்று மாத்திரையில் வாழ்பவரின் தட்டுப்பாட்டை எவரும் எண்ணுவதில்லை.

இது அறுவை செய்துகொண்ட சிலரது துயர் மட்டுமன்று. கண்ணாடி விரியன் தீண்டிப் பிழைத்தோருட் சிலருக்குக் கபச்சுரப்பி செயலிழப்பதை 1987 இல் பர்மாவில் ஆய்ந்தோர் விளக்கினர். இலங்கையிலும் அரிதாக அது பதிவாகியுள்ளது. வன்னி வயல்களில் அப்பாம்பு புதியதன்று. பல மாதங்களின் பின் சோர்வும் குளிர் தாங்காமையுமாக வெளிப்படும் இந்நோயை, உழவரின் வழமையான களைப்பென்று கொள்வது எளிது. பிரசவத்தில் மிகுந்த குருதி இழந்த தாய்மாருக்கும் இதே நேரலாம் என ஷீஹன் 1937 இலேயே காட்டினார். 2009 இன் முதன் மாதங்களில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை எறிகணை வீச்சுக்குள்ளானபோது, அவசர சிகிச்சையோடு இத்தகையோரின் மாத வில்லைகளும் அறுந்தன. 2022 இன் அந்நியச் செலாவணி நெருக்கடியிலோ போரின்றியே நாடெங்கும் மருந்தலுமாரிகள் வெறுமையாயின.