ஓரெழுத்துப் பொற்காசு

தாடிக்கொம்பிலிருந்து தெற்கே சில கல் தொலைவு சென்றால் திண்டுக்கல் மலைக்கோட்டை எதிர்நிற்கும். 1755-ஆம் ஆண்டில் மைசூர் அரசின் பவுஜ்தாராக அக்கோட்டைக்கு வந்தவர் ஹைதர் அலீ. பிரெஞ்சுத் தொழில் வல்லுநர்களைக் கொண்டு அங்கே ஆயுதச்சாலை அமைத்தார், படையைப் பெருக்கினார். பின்னாளில் மைசூரையே ஆண்ட அவ்வீரரின் உயர்வுக்கு இம்மண் ஒரு படிக்கட்டாயிற்று.

அவ்வுயர்வுக்குச் சான்று கூறுவனவற்றுள், விரல்நகம் அளவேயான பொற்காசு ஒன்றும் உண்டு. 1763-இல் பெத்னூரை வென்றபின் அவர் அச்சிட்ட அந்த வராகனுக்குப் 'பகதூரி ஹுன்' என்று பெயர். எடை ஏறத்தாழ 3.4 கிராம். முன்புறம் சிவனும் பார்வதியும் அமர்ந்த கோலம். பின்புறம் புள்ளிகள் நிறைந்த பரப்பின் நடுவே, ஹைதர் என்னும் பெயரின் முதலெழுத்தாகிய 'ஹே' என்ற ஒரேயோர் அறபு எழுத்து!

வென்றவர், தோற்றவரின் காசுருவத்தை ஏன் மாற்றவில்லை? விஜயநகரக் காலத்தில் தோன்றி, இக்கேரி நாயக்கர் வழியே வந்த அவ்வுருவம் மக்களுக்குப் பழக்கமானது. காசின் மதிப்பு பொன்னால் மட்டும் அமைவதன்று. கண்டவுடன் பிறக்கும் நம்பிக்கையாலும் அமைவது. ஹைதர் இதனை உணர்ந்திருந்தார் என்று கொள்வதே பொருத்தம். எழுதப் படிக்க அறியாதவர் எனப்பட்ட அவர், தம் ஆட்சியை ஓரெழுத்தில் பொறித்துவிட்டார்.

மைந்தர் திப்பு சுல்தானோ புதுவழி கண்டார். நான்கு வராகன் மதிப்புள்ள பொற்காசுக்கு 'அஹ்மதீ' என நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயரையும், இரண்டு வராகன் காசுக்குச் 'சித்தீகீ' என அபூபக்ர் (ரலி) அவர்களின் பட்டப்பெயரையும், ஒரு வராகனுக்குப் 'பாரூகீ' என உமர் (ரலி) அவர்களின் பட்டப்பெயரையும் சூட்டினார். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை கும்பெனியார் கைக்குச் சென்றது. ஆட்சி போயிற்று, காசுகள் எஞ்சின.

கடல் கடந்த மெக்சிகோவிலும் இத்தகைய கதையே. 1821-இல் ஸ்பெயினிடமிருந்து விடுபட்ட அந்நாடு, விரித்த சட்டநூலின்மேல் விடுதலைக் குல்லாயைக் கோலில் ஏந்திய கை ஒன்றைத் தன் பொற்காசுகளில் பொறித்தது. பல ஊர்களில் அவற்றை அச்சிட்டனர். ஒவ்வொரு சாலைக்கும் தனி அடையாள எழுத்து. பொன் ஒன்றே எனினும், அரிய சாலையின் எழுத்தும் ஆண்டும் கொண்ட காசுக்கே சேகரிப்போர் பெருவிலை தருகின்றனர். உருக்கினால் அத்தனையும் வெறும் பொன்தான்.

நம் இல்லங்களின் பழம்பெட்டிகளிலும் பாட்டியர் காத்த காசு ஒன்றிரண்டு கிடக்கலாம். புளியிட்டுத் தேய்க்காதீர்கள், வளையலுக்காக உருக்காதீர்கள். எடையையும் எழுத்தையும், அது எவர் வழியே வந்ததென்பதையும் குறித்து வையுங்கள். மண்ணில் கிடைத்த புதையலாயின் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். நூறாண்டு கடந்த காசை விருப்பம்போல் அயல்நாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

உருகிய பொன் மீண்டும் நகையாகலாம். அழிந்த எழுத்து மீண்டும் வரலாறாகாது.