ராமானுஜன் தவறவிட்ட எண்

ராமானுஜன் என்றதும் எல்லோரும் 1729-க்குப் போய்விடுகிறார்கள். டாக்ஸி, ஆஸ்பத்திரி, ஹார்டி... அந்தக் கதை உங்களுக்கே தெரியும், விட்டுவிடுவோம். இன்று நான் சொல்ல வந்தது 293318625600 என்ற எண்ணைப் பற்றி. நம்ம ஊர் கணக்கில் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

முதலில் கொஞ்சம் பள்ளிக்கூடக் கணக்கு. 12-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12. மொத்தம் 6 காரணிகள். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. 24-க்கு 8, 60-க்கு 12. இப்படித் தனக்கு முன்னால் உள்ள எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் தோற்கடிக்கிற எண்ணுக்குத் தமிழில் உயர் பகு எண் என்று பெயர். ஆங்கிலப் பெயரை வைத்தவர் ராமானுஜன்தான்.

இவர் 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய். பொன்னேரியிலிருந்து பீச் ஸ்டேஷன் போய் இறங்கினால் எதிரே இருக்கிறதே, அதே துறைமுகம். பி.காம். படிக்கிற எனக்கு இதில் ஒரு தனி சந்தோஷம் :-) அன்றைக்கு ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக 192 பை. 192-க்கு 14 காரணிகள். இன்றைய 100 பைசாவுக்கு 9-தான். பங்கு பிரிக்க எது வசதி என்று நீங்களே பாருங்கள்.

1914 மார்ச் 17-ஆம் தேதி இதே துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறினார். 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் உயர் பகு எண்கள் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை வந்தது. எஃப்.ஏ. தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றவருக்கு இந்த ஆராய்ச்சிக்காக 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது. கழகத்தில் பணமுடை, அதனால் கட்டுரையைச் சுருக்கித்தான் அச்சிட்டார்கள். மீதிப் பகுதி வெளிவந்தது 1997-இல்!

அந்தக் கட்டுரையில் ஓர் அட்டவணை இருக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் கையால் போட்டது. 102 எண்கள். கடைசி எண் 6746328388800, அதற்கு 10080 காரணிகள்.

ஆனால் இருக்க வேண்டியவை 103. இடையில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அதுதான் நம்ம 293318625600.

பிரித்துப் பாருங்கள். 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5 இரண்டு தடவை, 7 இரண்டு தடவை, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. இவற்றைப் பெருக்கினால் அந்த எண் வரும். காரணிகளை எண்ண ஒவ்வொரு தடவைக் கணக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும்: 7×5×3×3×2×2×2×2 = 5040. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 5040 அல்லது அதற்கு மேல் காரணிகள் கிடையாது. அட்டவணையில் இடம் பிடிக்க அது போதும்.

எனக்கு ஆறாத விஷயம் வேறொன்று. இதை 19-க்கு அடுத்த பகா எண்ணான 23-ஆல் பெருக்கினால் என்ன வருகிறது தெரியுமா? 6746328388800. அட்டவணையின் கடைசி எண்ணேதான்! அதைப் பிடித்தவர் கையிலிருந்து இது எப்படி நழுவியது?

நாங்கள் அக்கவுன்ட்ஸ் போடுகிற 12 இலக்கக் கால்குலேட்டரில் 293318625600 சரியாக நிரம்பி நிற்கிறது. 23-ஆல் பெருக்கிப் பார்த்தேன், இடம் போதாமல் எர்ரர் காட்டிவிட்டது. கடைசியில் நோட்டில்தான் போட்டேன்.