சாரப் புரதங்களும் பெரியம்மாவின் குளிசையும்

முருங்கனில் நான் உயிரியல் படிப்பிக்கும் வகுப்பில் 'சாரம்' என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். இங்கே சாரம் இடுப்பில் உடுப்பது. நான் சொல்வது, சுவர் எழுப்பும்போது மேசன்மார் கட்டி ஏறும் மரச் சட்டத்தை. மீள்குடியேறிய காலத்தில் வீட்டுக்கு வீடு அதைக் கண்டோம். நமது உடற்கலங்களுக்குள்ளும் அப்படியொன்று உண்டு. அதுதான் சாரப் புரதம்.

இதை நான் தேடிப் படித்தது பெரியம்மாவால். அவருக்கு நாட்பட்ட வகை இரத்தப் புற்றுநோய். "ஷெல்லுக்குள்ள கிடந்ததால வந்ததோ தம்பி, இல்லாட்டி நான் செய்த பாவமோ?" என்று கேட்டார்.

கலத்துக்குள் செய்தி கடத்துபவை கைனேஸ் எனும் நொதியங்கள். ஒரு கைனேஸ் இன்னொரு புரதத்தில் பொசுபேற்றை ஒட்டும். அந்தப் புரதம் விழிக்கும் அல்லது அடங்கும். மனிதருக்கு 500க்கு மேற்பட்ட கைனேஸ்கள் உள்ளன. இத்தனைக்குள் செய்தி மாறிப்போகாமல் காப்பவற்றுள் சாரப் புரதமும் ஒன்று.

கள்ளைப் புளிக்கவைக்கும் மதுவத்தில் இது தெளிவாகத் தெரிந்தது. இரு மதுவக் கலங்கள் இணையும் வேளையில் எஸ்ரீஈ-5 என்ற புரதம் மூன்று கைனேஸ்களை அருகருகே பிடித்துவைக்கிறது என்று 1994இல் காட்டினார்கள். கல் கைமாற்றும் மூன்று பேரை வரிசையில் நிறுத்துவது போல. அது வெறுமனே பிடிப்பதோடு நிற்பதில்லை. செய்தி வந்ததும் கலமென்சவ்வுக்கு நகரும். கடைசிக் கைனேஸ் விழிக்கவும் உதவும். ஆனால் சாரம் அளவுக்கு மிஞ்சினால் மூன்று பேரும் வெவ்வேறு சாரங்களில் தனித்தனியே நிற்பார்கள். கல் கைமாறாது, செய்தி தடைப்படும்.

யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்பதே இங்கு முக்கியம். பெரியம்மாவின் நோயில் பிழைத்ததும் அதுவே. ஒரு குருதிக் கலத்தில் 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ள, ஏபிஎல் என்ற கைனேஸ் பிசிஆர் என்ற புரதத்தோடு ஒட்டிப் பிறக்கிறது. தனியே இருந்தால் ஏபிஎல் மடங்கி அடங்கியிருக்கும். பிசிஆர் பகுதியோ இப்படிப் பிறந்த புரதங்களை ஒன்றோடொன்று சேர்த்துவிடுகிறது. சேர்ந்தவை ஒன்றையொன்று எழுப்பி, "பெருகு, பெருகு" என்று ஓயாமல் சொல்கின்றன. 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாற்றினிப் குளிசை, கைனேஸ் பொசுபேற்றை எடுக்கும் பள்ளத்தில் போய் அமர்ந்து அதை அடக்குகிறது.

பெரியம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். இது பாவமல்ல. தொற்றாது, பிள்ளைகளுக்குப் பரம்பரையாகவும் போகாது. கடும் கதிர்வீச்சு இந்நோயைக் கூட்டும் என்பது ஹிரோசிமா, நாகசாகியில் தப்பியவர்களிடம் தெரிந்தது. சாதாரண ஷெல்லின் வெடிமருந்தில் அக்கதிர்வீச்சு இல்லை. பெரும்பாலானோருக்குக் காரணம் கண்டறியப்படுவதில்லை.

"அப்ப சுகமாயிருக்கிற நாளிலயும் குளிசை போடவேணுமோ?" என்றார். போடவேணும். அடங்கியிருக்கும் கைனேஸ், குளிசை நின்றால் மீண்டும் எழக்கூடும். நிறுத்துவதா இல்லையா என்பதை இரத்தப் பரிசோதனையைப் பார்த்து வைத்தியர்தான் சொல்லவேண்டும்.