செயின்சா வாங்குகிறீர்களா? பாரின் நீளத்தைக் கவனியுங்கள்

வீட்டுப் பின்புறத்து ரம்புத்தான் கிளை கூரையில் உரசும். புயல் மழையில் சாய்ந்த ரப்பர் மரம் தோட்டப் பாதையை மறித்துக் கிடக்கும். இத்தகைய வேலைகளுக்குச் சொந்தமாகச் செயின்சா வாங்குவோர், 'பார்' நீளமாக இருந்தால் எந்த மரத்தையும் அறுத்து விடலாம் என்று நினைப்பதுண்டு. அது தவறு, ஆபத்தும்கூட.

சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடே பார். இயந்திரத்தின் முன்பக்கத்திலிருந்து பாரின் நுனி வரை உள்ள அளவே வெட்டும் நீளமாகும். அது அங்குலத்தில் குறிப்பிடப்படும்.

அறுக்கும் மரத்தின் விட்டத்தைவிடப் பார் சுமார் 2 அங்குலம் நீளமாக இருப்பது நல்லது. மரத்தின் சுற்றளவை நாடாவால் அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். சுற்றளவு 44 அங்குலம் என்றால் விட்டம் 14 அங்குலம். அதற்கு 16 அங்குலப் பார் போதும்.

கிளை கழிக்கவும் சிறு மரங்களுக்கும் 10 முதல் 14 அங்குலம், நடுத்தர மரங்களுக்கு 16 முதல் 18 அங்குலம், பருத்த மரங்களுக்கு 20 முதல் 24 அங்குலம் பொருந்தும்.

இயந்திரத்தின் சக்தியும் முக்கியம். 16 அங்குலத்துக்கு ஏறத்தாழ 40 சிசி, 20 அங்குலத்துக்கு மேல் 60 சிசி அளவிலான இயந்திரம் தேவைப்படும். சிறிய இயந்திரத்தில் நீண்ட பாரைப் பூட்டினால் வேகம் குறையும். நுனி வரை எண்ணெய் போதிய அளவு செல்லாது. பாரும் சங்கிலியும் சூடாகி விரைவில் தேயும். கையேட்டில் உள்ள அளவை மீறக் கூடாது.

பாரை மாற்றினால் சங்கிலியும் அதற்குப் பொருந்த வேண்டும். கண்ணிகளின் இடைவெளி, காடியின் அகலம், உள்கண்ணிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் பெரும்பாலும் பாரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கடைக்குச் செல்லும்போது பழைய பாரை எடுத்துச் செல்வது நல்லது.

பார் நுனியின் மேற்பகுதி வேறொரு கிளையில் பட்டால் செயின்சா நொடியில் முகத்தை நோக்கி எகிறும். தேவைக்கு மிஞ்சிய நீளம் இருந்தால், நுனி எங்கே படுகிறது என்பது அறுப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். தலைக்கவசம், முகமறைப்பு, கையுறை, வெட்டுத் தாங்கும் காற்சட்டை, காலணி ஆகியவற்றை அணியாமல் செயின்சாவை இயக்கக் கூடாது. தோள் உயரத்துக்கு மேல் அறுக்கவும் கூடாது.

பாரைவிடப் பருத்த மரத்தை இரு பக்கமும் மாற்றி அறுப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. வீட்டோரத்துப் பெரிய டுரியான் மரத்தை அவர்களிடம் விடுவதே பாதுகாப்பு.